டேலியாச் சங்கத்தின் ஓர் ஆண்டு

மலையகத்தில் லயன் வீடுகளின் முன்னாலுள்ள சிறு நிலத்துண்டில், பழைய பெயின்ற் வாளியிலோ நேரே மண்ணிலோ டேலியாச் செடி நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பெரிதாகப் பூக்கும் அந்தச் செடியைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. கிழங்கைப் பிரிக்கும்போது “இந்தாங்க, ஒண்ணு வச்சிப் பாருங்க” என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். அது அப்படியே லயனிலிருந்து லயனுக்குப் போய்ச் சேரும். இந்த ஒரு பூவுக்காக மட்டும் தலைவர், செயலாளர், பொருளாளர், சந்தா, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று சங்கம் நடத்துகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று சொன்னபோது எங்கள் மாதர் சங்கத்து அங்கத்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒருவர், “அதுல அப்படி என்னதான் செய்வாங்க மிஸ்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

டேலியாவின் தாய்நாடு மெக்சிக்கோ. அங்கிருந்து 1789 இல் அதன் விதைகள் ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் தாவரவியற் பூங்காவுக்குச் சென்றன. கவனிலெஸ் என்ற தாவரவியலாளர் 1791 இல், சுவீடன் நாட்டவரான அண்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். டால் அப்போது உயிரோடு இல்லை. பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவி, அமெரிக்காவுக்கும் போய், இங்குள்ள குளிர் மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. 1963 இல் மெக்சிக்கோ அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இங்கிலாந்தின் தேசிய டேலியாச் சங்கம் 1881 இலும், அமெரிக்க டேலியாச் சங்கம் 1915 இலும் தொடங்கப்பட்டவை. இவற்றோடு சேர்ந்து பிரதேச மட்டத்தில் இயங்கும் சங்கங்கள்தான் உண்மையான வேலையைச் செய்கின்றன. நம் நாட்டிலும் கிராம மட்டச் சங்கம் இல்லாமல் மாவட்டச் சம்மேளனம் என்பது வெறும் பெயர்ப்பலகைதானே.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1926 முதல் டேலியாவைத் தன் அதிகாரபூர்வ மலராக வைத்திருக்கிறது. கலிபோர்னிய டேலியாச் சங்கம் அதற்கும் முந்தியது, 1917 இல் உருவானது. அந்நகரின் கோல்டன் கேற் பூங்காவில், கண்ணாடிப் பூமாளிகைக்குப் பக்கத்தில் டேலியாவுக்கென்றே ஒரு பாத்தி உண்டு. அதைப் பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கடல் மூடுபனியால் அந்நகரில் ஜூலை மாத நண்பகலிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே இருக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பகற்பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குளிர்ச்சிதான் இந்தச் செடிக்குப் பிடிக்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே கோடையில் மழையே இல்லை, மழைக்காலம் குளிர்காலத்தில்தான் வருகிறது.

அந்த விரிகுடாவின் கரையோர ஊரொன்றில் என் பெரியம்மாவின் மகள் வசிக்கிறார். நானுஓயாவில் வளர்ந்து, திருமணமாகி 2009 இல் அங்கே போனவர். இப்போது அவ்வூர்ப் பக்கத்து டேலியாச் சங்கமொன்றில் அங்கத்தவர். சங்கத்தின் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சென்ற ஆண்டு முழுவதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது தொலைபேசியில் என்னோடு இதைப் பற்றிக் கதைத்தார். சமூகவியல் படித்த எனக்குப் பூவைவிட அந்தச் சங்கம் எப்படிச் செத்துப்போகாமல் இருக்கிறது என்பதில்தான் கவனம் போனது.

அவர்களுடைய ஆண்டு, பூ முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நவம்பரில் தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட்டு, சில நாட்கள் கழித்து முள்ளுக்கரண்டி போன்ற பெரிய மண்வாரியால் சுற்றிக் கிளறிக் கிழங்குக் கொத்தைத் தூக்குவார்கள். உறைபனி விழும் ஊர்களில் தோண்டாவிட்டால் கிழங்கு செத்துவிடும். விரிகுடாப் பக்கத்தில் மண்ணிலேயே விட்டாலும் பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் குளிர்கால மழையில் அழுகுவது அதிகம். பிரிக்காத கொத்து ஆண்டுக்காண்டு நெருங்கிப் பூவும் சிறுக்கும். அதனால் தோண்டிக் கழுவி, பெயர் எழுதிய பட்டியைக் கட்டி வைக்கிறார்கள். பட்டி அவிழ்ந்து போனால் அந்தக் கிழங்கு பெயரில்லாத அநாதை. அடுத்த ஓகஸ்டில் பூத்த பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

கிழங்கு பிரிக்கும் நாளைப் பற்றி அக்கா சொன்னதைத்தான் நான் அதிகம் விரும்பிக் கேட்டேன். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் யாராவது ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் நீள மேசைகள் போட்டு இருபது, இருபத்தைந்து பேர் கூடுகிறார்கள். பார்வைக்குக் கிழங்குக் கொத்து நம் வற்றாளைக் கிழங்கு போலவே இருக்கும். ஆனால் முளைக்கும் விதம் உருளைக்கிழங்கு போன்றதல்ல. உருளைக்கிழங்கில் உடல் முழுதும் கண் உண்டு. டேலியாக் கிழங்கில் தண்டோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில் மட்டுமே கண் இருக்கும். அந்த மேற்பகுதியில் ஒரு துண்டாவது சேர்ந்து வராவிட்டால், முழங்கை அளவு கிழங்காக இருந்தாலும் அது மண்ணுக்குள் கிடந்து வேர்விடும், முளை மட்டும் வராது. கழுத்து முறிந்த கிழங்கும் அப்படியே. கண் என்பது குண்டூசித் தலையளவு மேடு. புதியவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அக்கா முதல் ஆண்டில் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு முதியவர், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, ஒவ்வொரு கொத்தையும் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டி, “இது கண், இது கண்ணில்லை” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் கையெழுத்து நடுங்கும், கத்தி பிடித்தால் நடுங்காது என்றார் அக்கா. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே கத்தியைக் கிருமிநீக்கி நீரில் தோய்க்க வேண்டும். நோய் கத்தி வழியாகவே பரவும். வெட்டியதை உலர்த்தி, ஒவ்வொரு கிழங்கின் மேலேயே பென்சிலால் பெயர் எழுதி, மரச்சீவலிலோ வேர்மிகுலைற்றிலோ புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வைப்பார்கள். ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் சுருங்கும். ஒவ்வொருவரும் தன் முறையே சிறந்தது என்று வாதாடுவது ஆண்டுதோறும் நடக்கும் சண்டை. நம் வீடுகளில் ஊறுகாய் போடுவது பற்றி நடப்பது போல.

இந்த மேசையில் பிரிபடும் கிழங்குகள்தான் சங்கத்தின் வருமானம். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை விற்பனை. அதில் வரும் பணத்தில் மண்டப வாடகை, செய்தி மடல், கண்காட்சிச் செலவு எல்லாம் ஆண்டு முழுதும் நடக்கும். வேறெவரும் நிதி கொடுப்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திட்டக்காலம் முடிந்து உதவி வழங்கிய நிறுவனத்தின் வாகனம் வராமல் போன மாதத்திலிருந்தே கூட்டம் நின்றுபோன சங்கங்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவேடு இருக்கும், முத்திரை இருக்கும், வங்கிப் புத்தகத்தில் சில நூறு ரூபாய் கிடக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். அதே தோட்டத்தில் மரணாதாரச் சங்கம் மட்டும் தாத்தா காலத்திலிருந்து தவறாமல் நடக்கும். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கவும் வேண்டும், ஒருநாள் வாங்கவும் வேண்டும். டேலியாச் சங்கமும் அந்த வகையைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த ஏப்ரல் விற்பனையிலேயே இப்போது ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் திருமண அலங்காரத்துக்கு டேலியா மோகமாகிவிட்டது. பால் கலந்த கோப்பி நிறத்தில் பெரிதாகப் பூக்கும் ‘கபே ஓ லே’ என்ற இனம் 1960களிலேயே வந்த பழைய சரக்கு. இணையத்தில் மணப்பெண்களின் படங்கள் பரவியதும் அதன் கிழங்குக்குப் பெரும் கிராக்கி. கொவிட் காலத்தில் வீட்டில் முடங்கியவர்கள் தோட்டத்தில் இறங்கியதும் கிராக்கி இன்னும் கூடியது. சங்கம் சில டொலருக்கு விற்கும் அரிய கிழங்கை அதிகாலையில் வரிசையில் நின்று வாங்கி, அன்று மாலையே இணையத்தில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். சிலர் அதற்காகவே சந்தா கட்டி அங்கத்தவராகிறார்கள்.

மே மாதக் கூட்டத்தில் இது வெடித்தது. ஒரு சாரார், ஒருவருக்கு ஓர் இனத்தில் ஒரு கிழங்குதான் என்று கட்டுப்பாடு வைக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார் சங்கமே விலையை உயர்த்தினால் இடைத்தரகருக்கு இடமில்லை என்றார்கள். மூன்றாவதாக ஒரு பெண்மணி எழுந்து, பிரிக்கும் நாளில் வந்து வேலை செய்தவர்கள் முதலில் வாங்கட்டும், மற்றவர்கள் பிறகு வரட்டும் என்றாராம். அதுதான் நிறைவேறியது. விலையை உயர்த்தாமல் விட்டது சரியென்றே நானும் நினைக்கிறேன். உயர்த்தியிருந்தால் ஓய்வூதியத்தில் வாழும் பழைய அங்கத்தவர்கள் தாங்கள் பிரித்த கிழங்கைத் தாங்களே வாங்க முடியாமல் போயிருப்பார்கள்.

நடுகையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, நம் பெண்களுக்குத் தெரியாத விடயம் அதில் அதிகமில்லை. ஊன்றுதடியை முதலில் நாட்டிவிட்டுத்தான் கிழங்கை வைக்க வேண்டும், பிறகு நாட்டினால் தடி கிழங்கைக் குத்தும். முளை தெரியும் வரை தண்ணீர் அதிகம் கூடாது. மூன்று நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விடும். நத்தைக்குக் காவல் இருக்க வேண்டும். ஜூலையில் மொட்டுகள் மூன்று மூன்றாக வரும், நடுவில் உள்ளதை விட்டுப் பக்கத்து இரண்டையும் கிள்ளிவிட்டால் பூ பெரிதாகும். இவ்வளவுதான்.

நான் சொல்ல வேண்டியது ஜூலையில் நடந்த வேறொன்று. அந்தச் சங்கத்தில் எண்பதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய காலஞ்சென்ற கணவர் விதையிலிருந்து ஒரு டேலியாவை உருவாக்கி, மனைவியின் பெயரை வைத்திருந்தார். டேலியாவில் விதை என்பது சீட்டிழுப்பு மாதிரி. மனிதருக்கு நிறமூர்த்தத் தொகுதிகள் இரண்டு, தோட்டத்து டேலியாவுக்கு எட்டு. தாயைப் போல் பிள்ளை வரவே வராது. நூறு விதை போட்டால் ஒன்றிரண்டு தேறினால் அதிர்ஷ்டம். தேறியதைக் கிழங்காகவோ தண்டு வெட்டியோ பெருக்கினால் மட்டுமே அதே பூ தொடரும். கிழங்கு அழிந்தால் அந்தப் பூ உலகிலிருந்தே போய்விட்டது என்று அர்த்தம். அம்மையாரின் பூ கடைக்கு வந்ததில்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்தச் செடியின் இலைகளில் நரம்போரமாக மஞ்சள் ஓடத் தொடங்கியது. செடியும் குட்டையாக நின்றது. பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. டேலியாவைத் தாக்கும் வைரசு நோய்களுக்கு மருந்தில்லை. அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். பிடுங்கி எறிவது ஒன்றே வழி. அம்மையாரின் தோட்டத்திலிருந்து ஆண்டுதோறும் சங்க விற்பனைக்குக் கிழங்குகள் போகின்றன. ஆகவே அது அவர் வீட்டு விடயம் மட்டுமல்ல. செயற்குழுவில் சிலர், கடிதம் எழுதி அறிவிக்கலாம் என்றார்கள். அந்தச் சாரதி முதியவர், “கடிதமா?” என்று மட்டும் கேட்டாராம். பிறகு அவரும் அக்காவும் நேரில் போனார்கள்.

அம்மையார் நம்பவில்லை. தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்றார். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேலியா வைரசுகள் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது, அமெரிக்க டேலியாச் சங்கமும் அதற்கு ஆதரவு தருகிறது. இலையைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம், முடிவு வரும்வரை யாரும் செடியைத் தொடமாட்டோம் என்று இணங்கினார்கள். முடிவு வந்தது. நோய் இருந்தது. இரண்டு நாள் கழித்து அம்மையார் தானே பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு அக்காவுக்கு அழைப்பு எடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை, சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தன்னை ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டாராம்.

அதன்பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். கணவர் உயிரோடு இருந்தபோது அந்தக் கிழங்கை மூவருக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவருடையது மழையில் அழுகியது. மூன்றாமவர் ஊர் மாறிப்போய், சங்கத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டவர். அவரிடம் இருந்தது. அதன் இலையும் பரிசோதனைக்குப் போனது, நோய் காணப்படவில்லை. அங்கேயே தண்டு வெட்டி வேர்விட வைத்திருக்கிறார்கள், ஆனால் காலம் பிந்திவிட்டதால் அந்த ஆண்டு அம்மையார் தன் பெயருள்ள பூவைக் காணவில்லை.

ஓகஸ்டில் கண்காட்சி. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வாளிகளில் பூவோடு காரில் புறப்படுகிறார்கள். மண்டபத்தில் வரிசை வரிசையாக மேசைகள். அமெரிக்க முறையில் பத்து அங்குலத்துக்கு மேற்பட்டது முதல் இரண்டு அங்குலத்துக்குட்பட்ட பந்துப் பூ வரை அளவால் பிரித்து, பிறகு இதழின் வடிவத்தாலும் நிறத்தாலும் பிரிப்பார்கள். அளவு வளையத்துக்குள் பூ போகிறதா என்று பார்க்கும்போது சிலர் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. தீர்ப்பாளர்களாக வருபவர்கள் பல ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். புதிய இனம் ஒன்று அங்கீகாரம் பெற வேண்டுமானால் தீர்ப்பாளர்களிடம் நூற்றுக்கு 85 புள்ளியாவது வாங்க வேண்டும்.

“மூணு வருசம் நான் மேசை தூக்குனேன், தண்ணி ஊத்துனேன், அட்டை எழுதுனேன்” என்றார் அக்கா. “நாலாவது வருசம்தான் தீர்ப்பாளருக்குப் பக்கத்துல நின்னு புள்ளி எழுதச் சொன்னாங்க.” அது அவமதிப்பாகத் தோன்றவில்லையா என்று கேட்டேன். “வந்த அன்னைக்கே தலைவியாக்கி இருந்தா அடுத்த மாசம் ஓடியிருப்பேன்” என்றார். புதிதாகச் சேரும் இளம் பெண்களை உடனே பொருளாளராக்கிக் கணக்குப் புத்தகத்தை நீட்டும் நம் வழக்கத்தை அப்போது நினைத்துக்கொண்டேன். கண்காட்சி முடிந்ததும் பூக்களை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய டேலியா நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது.

அமெரிக்க அரசறிவியலாளர் ரொபர்ட் புட்னம் 2000 இல் வெளியிட்ட நூலொன்றில், தன் நாட்டு மக்கள் சங்கங்களில் சேர்ந்து இயங்குவது சில தசாப்தங்களாகக் குறைந்து வருவதைப் புள்ளிவிபரங்களோடு காட்டியிருந்தார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது அது நமக்குத் தொடர்பில்லாத செய்தியாக இருந்தது. இப்போது நம் தோட்டங்களில் இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட, கூட்டத்துக்கு வருபவர்களின் சராசரி வயதைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. அக்காவின் சங்கத்திலும் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். ஒக்டோபரில் நிர்வாக சபைத் தெரிவு நடந்தது. செயலாளர் பதவிக்குப் பெயர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்களாம். இதைக் கேட்டு எங்கள் மாதர் சங்கத்தினர் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். கடைசியில் அக்கா செயலாளரானார். வேலைக்குப் போய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எப்படிச் செய்யப்போகிறார் என்று எனக்குக் கவலைதான். கூட்டக் குறிப்பை எழுதித்தர ஒருவர், கிழங்குப் பட்டியலைக் கணினியில் ஏற்ற ஒருவர் என்று இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டாராம்.

சில சகோதரிகள், அக்கா வரும்போது நாலு கிழங்கு கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அது கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றிச் செடிகளையோ கிழங்குகளையோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. மேலே சொன்ன வைரசுக் கதை ஒன்றே அதற்குப் போதுமான காரணம். நம் வாசல்களில் உள்ள கிழங்குகளையே பிரிக்கலாம். பூ ஓய்ந்து தண்டு காய்ந்ததும், மழையில்லாத நாலைந்து நாள் பார்த்துத் தோண்டுங்கள். கழுவி ஒரு வாரம் நிழலில் வைத்தால் கண் பருத்து, கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியும். எங்கள் மாதர் சங்கம் அடுத்த பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு பிள்ளை பராமரிப்பு நிலையத்து முற்றத்தில் கூடுகிறது. வருபவர்கள் கத்தியும், தங்கள் வீட்டுப் பூ என்ன நிறம் என்று எழுதிய ஒரு துண்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.